தொழில்: இல்லை

பங்காளி,

இன்று காலை உன் டிரிம்மர் என் கையில் இருந்தபோதுதான் கதவைத் தட்டினார்கள்.

அதே டிரிம்மர்தான். நடுவிரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கத்தரி. அழுத்தினால் கடிக்கும், விட்டால் வாயைத் திறக்கும். தைத்து முடித்த பனியனின் ஓரங்களில் தொங்குகிற நூல் பிசிறை வெட்டுவதற்காக நம் ஊரில் வீட்டுக்கு வீடு கிடக்கிற சாமான். உன்னுடையதில் மட்டும் ஒரு வித்தியாசம். இடது கையிலிருந்து நழுவாமல் இருக்க, சிவப்புப் பனியன் துணியை நாடாவாகக் கிழித்து அதன்மேல் சுற்றியிருந்தாய். அந்தத் துணி உன் வேர்வையில் கறுத்துப்போயிருக்கிறது. நான் வலது கைக்காரன், எனக்கு அந்தச் சுற்று தேவையில்லை. ஆனாலும் அவிழ்க்கவில்லை.

வாசலில் ஒரு பெண் நின்றாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், நெற்றியில் வேர்வை. "சர்வே எடுக்க வந்திருக்கேனுங்க. ஒரு இருபது நிமிஷம் ஆகுமுங்க" என்றாள். இந்த வாக்கியத்தை இரண்டு வருடம் தெருத்தெருவாக நான் சொல்லியிருக்கிறேன். இருபது நிமிடம் என்பது பொய், நாற்பது ஆகும். அதுவும் எனக்குத் தெரியும்.

நான் எழுந்திருக்கும் முன்பே என் வலது கால் ஒரு காரியம் செய்துவிட்டது. பக்கத்தில் குவித்து வைத்திருந்த பனியன் கட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டது. நான் சொல்லிச் செய்ததில்லை. கீழே குனிந்து என் காலையே பார்த்தேன். நீ நின்ற மாதிரி நின்றுகொண்டிருந்தது.

அவளுக்கு நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். டேப்லெட் திறக்க நேரமானது. அந்த நேரத்துக்குள் மனசுக்குள் உன்னோடு இவ்வளவும் பேசினேன். இப்போது அவள் போய்விட்டாள். பேசியதை எழுதிவைக்கிறேன். உனக்கு வந்து சேராது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உன்னைப் பற்றிய எந்தக் காகிதம்தான் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது?

பத்தாவது பரீட்சை முடிந்த மறுநாள் நீ பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளுக்குப் போனாய். மூலனூர்ப் பக்கம் இருந்த மானாவாரிக் காட்டை விட்டுவிட்டு முன்பே நல்லூருக்கு வந்துவிட்ட உன் அப்பா, அந்த வருடம் கீழே விழுந்து படுத்துவிட்டார். நான் பள்ளிக்கூடம், பிறகு கல்லூரி, புள்ளியியல் படிப்பு என்று போனேன். லீவு நாட்களில் உன் கம்பெனிக்கே வந்து உன் எதிரில் நின்று துணி விரித்தேன். இருபது மடிப்பு துணியை ஒரே இழுப்பில் நீ வெட்டுவதைப் பார்த்துக் கட்டிங் மாஸ்டரே வாயை மூடிக்கொள்வார். "கத்தி துணியத்தான் பாக்கோணும், நாம கத்தியப் பாக்கோணும். மாத்திப் பாத்தா முடிஞ்சுது" என்பாய்.

ஒருநாள் மாத்திப் பார்த்துவிட்டாய். சரக்கு அன்றே ஏற்ற வேண்டுமென்று இரண்டு ஷிப்டு தொடர்ந்து நின்றிருந்தாய். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுதாக, மோதிர விரல் பாதி. விரல்கள் துணி மடிப்புக்குள் கிடந்ததாகவும் அந்தக் கட்டு மட்டும் தனியே எடுத்துவைக்கப்பட்டதாகவும் பிறகு சொன்னார்கள். மற்ற கட்டுகள் அன்று சாயங்காலமே தைக்கப் போய்விட்டன.

கையில் போட்ட கட்டைப் பிரித்த பிறகு நீயும் நானும் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். மேனேஜர் நல்ல மரியாதையாகப் பேசினார். நம் ஊர்க்காரர்கள் கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

"உக்காருங்க. டீ சாப்பிடறீங்களா? இல்லீங்க, எங்க ரெஜிஸ்டர்ல இப்படி ஒரு பேரே இல்லீங்களே. காண்ட்ராக்ட்காரர்கிட்டக் கேட்டீங்களா?"

"பன்னெண்டு வருசமா இந்த டேபிள்லதானுங்க நிக்கறேன்" என்றாய்.

"நின்னிருப்பீங்க. இல்லைன்னு சொல்லலீங்க. பேரு இல்லீங்க, அதுதான்."

காண்ட்ராக்ட்காரர் போனை எடுக்கவில்லை. நான் சாட்சி சொல்கிறேன் என்று எகிறினேன். "நீங்களும் எங்க ரெஜிஸ்டர்ல இல்லீங்களே" என்றார் மேனேஜர், சிரிக்காமல்.

வெளியே பேக்கரியில் நின்று டீ குடித்தோம். நீ இடது கையால் கிளாசைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்த நாட்கள் அவை, பாதி டீ சட்டையில் கொட்டியது. துடைத்துக்கொண்டே சொன்னாய்: "காசு போனாப் போகுதுடா. ஒரே ஒரு காயிதத்துல நான் வேலை செஞ்சேன்னு இருந்தாப் போதும். பதினஞ்சு வயசுல இருந்து நான் எங்க இருந்தேன்னு யாராச்சும் கேட்டா, காட்டறதுக்கு."

நீ உன் வாழ்க்கையில் கேட்டதே அது ஒன்றுதான். ஒரு காகிதம்.

அடுத்து வந்தது வேறு காகிதம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்க மருத்துவக் குழுவின் முன்னால் போய் நின்றாய். வரிசையில் உனக்கு முன்னால் கண் தெரியாத ஒருவர், பின்னால் போலியோ கால்காரர் ஒருவர். டாக்டர் உன் கையைத் திருப்பிப் பார்த்தார், மடக்கச் சொன்னார், பேனாவைப் பிடிக்கச் சொன்னார், எழுதினார். முப்பத்தாறு சதவீதம். சலுகைக்குக் குறைந்தது நாற்பது வேண்டும்.

சதவீதம் என்றால் என்ன என்று நான்தான் உனக்கு விளக்கினேன். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு மதிப்பு உண்டு, எந்தக் கணு வரைக்கும் போனது என்பதைப் பொறுத்து அது கூடும் குறையும், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எண் வரும் என்றேன். அந்த எண் கை எவ்வளவு போனது என்பதைத்தான் சொல்லும். அந்தக் கையால் என்ன வேலை செய்துகொண்டிருந்தான், இனி அந்த வேலைக்குப் போக முடியுமா என்பதைச் சொல்லாது. கட்டிங் மாஸ்டருக்குப் போன விரலும் வாத்தியாருக்குப் போன விரலும் அதற்கு ஒன்று.

நீ மிச்சமிருந்த பாதி மோதிர விரலை ஆட்டிக் காட்டினாய். "இந்தப் பாதியையும் வெட்டிட்டுப் போனா நாப்பது வருமாடா? கத்தி நம்மகிட்டயே இருக்குது."

பக்கத்தில் நின்ற போலியோ கால்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு நீ. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

மறு மதிப்பீட்டுக்கு மனு போட்டோம். அது நகர்கிற வேகத்தில் நகர்ந்தது. உன் மனைவி கோகிலா, தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். சாயங்காலம் வரும்போது ஸ்கூட்டியின் முன்பக்கம் ஒரு கட்டு பனியன் வைத்துக் கொண்டுவருவாள், வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்ட. முதலில் அவள் மட்டும் வெட்டினாள். பிறகு ஒருநாள் நீ இடது கையால் டிரிம்மரை எடுத்தாய். நழுவியது. துணி சுற்றினாய். ஒரு மாதத்தில் அவளைவிட வேகமாக வெட்டினாய். கதவைச் சாத்திக்கொண்டுதான் வெட்டுவாய். தெருவில் பொம்பளைகள் வாசலில் உட்கார்ந்து செய்கிற வேலையை, கட்டிங் டேபிளில் நின்ற ஆள் செய்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. யாராவது கேட்டால் கோகிலாவே சொல்வாள்: "அவரு ஊட்ல சும்மாதானுங்க இருக்காரு."

அந்த நாட்களில்தான் எனக்குக் களப்பணி வேலை கிடைத்தது. ஒப்பந்த வேலை. வீடு வீடாகப் போய் மக்கள்தொகை, வேலை, ஊனம் எல்லாம் விசாரித்து டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். பயிற்சியின் கடைசியில் ஒரு தேர்வு. கையேட்டைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். கதவைச் சாத்திவிட்டு நீ பிசிறு வெட்டுவாய், நான் வாசிப்பேன், நடுநடுவே நீ கேள்வி கேட்பாய். படித்த நான் மனப்பாடம் செய்தேன். நீதான் புரிந்துகொண்டாய்.

"குடும்பம் என்றால், ஒரே கூரையின் கீழ் வசித்து ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள்" என்று வாசித்தேன். நீ மாடியைக் காட்டினாய். மேல் அறையில் ஒடிசாக்காரர்கள் எட்டுப் பேர். பகல் ஷிப்டுக்காரர் நாலு பேர் எழுந்து போனதும் அதே நாலு பாயில் ராத்திரி ஷிப்டுக்காரர் நாலு பேர் படுப்பார்கள். ஒரு அடுப்பு.

"அப்ப அவிக ஒரு குடும்பமா?"

"கணக்குப்படி ஆமா."

"குடும்பத் தலைவர் யாருடா?"

"யாரைச் சொல்றாங்களோ அவரு."

"குக்கரச் சொல்லுவாங்க" என்றாய்.

வழக்கமாக வசிப்பவர் என்றால் ஆறு மாதம் தங்கியிருக்க வேண்டும், அல்லது ஆறு மாதம் தங்கும் எண்ணம் இருக்க வேண்டும் என்று படித்தேன். "எண்ணமா? நல்லூர்ல ஆறு மாசம் இருக்கோணும்னு எவன்டா எண்ணுவான்? இருக்கறதுதான், எண்ணறது கெடையாது." மாடிக்காரர்களை அவர்கள் ஊரிலும் 'இங்கே இல்லை' என்பார்கள், இங்கேயும் 'ஊருக்குப் போய்விடுவார்கள்' என்பார்கள். எட்டுப் பேர் இரண்டு கணக்கிலிருந்தும் நழுவிவிடலாம். திருவிழாக் கூட்டத்தில் எட்டுப் பேரை எண்ணாமல் விட்டால் பரவாயில்லை, இந்த ஊரில் தைக்கிற துணியில் பாதி அவர்கள் தைக்கிறது.

தொழிலாளர் படை என்ற சொல் உனக்குப் பிடித்திருந்தது. வேலை செய்கிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் சேர்ந்ததுதான் படை என்றேன்.

"தேடாதவன்?"

"படைக்கு வெளியே."

"அவன் வேலையில்லாதவன்தான?"

"இல்லடா. வேலை இல்லாம இருந்து, தேடவும் செஞ்சாத்தான் வேலையில்லாதவன். கிடைச்சாப் போறதுக்குத் தயாராவாச்சும் இருக்கோணும். அதுவும் இல்லாதவனை வேலையின்மைக் கணக்குல சேக்க மாட்டாங்க."

நீ வெட்டுவதை நிறுத்தினாய். "அப்ப தேடித்தேடிச் சலிச்சுப்போய் மூலைல உக்காந்துட்டான்னு வெய்யி. அவனால வேலையின்மை கொறையுமா?"

"குறையும்."

"எல்லாரும் சலிச்சுட்டா நாட்டுல வேலையின்மையே இல்ல. நல்லாருக்குதுடா உங்க படிப்பு."

சார்ந்திருப்போர் விகிதம் வந்தபோது நீ சிரிக்கவில்லை. பதினைந்துக்குக் கீழே இருப்பவர்களும் அறுபதுக்கு மேலே இருப்பவர்களும் சார்ந்திருப்போர், இடையில் உள்ளவர்கள் தாங்குவோர், இது வயதை மட்டும் பார்க்கிற கணக்கு என்றேன். நீ டிரிம்மரைக் கீழே வைத்தாய். "நான் கணக்குல தாங்கறவன். ஊட்ல கோகிலா என்னையத் தாங்கறா. அவளுக்குத் தெரியாம இருக்கட்டும்." கோகிலா அடுப்படியில்தான் இருந்தாள். கேட்டிருப்பாள். பாத்திரச் சத்தம் கொஞ்சம் நின்று மறுபடி கேட்டது.

கடைசியாக, வேலை என்பதன் விளக்கம். கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது, கூலிக்கோ லாபத்துக்கோ வேலை செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். வீட்டில் உட்கார்ந்து செய்தாலும் சரி, பீஸ் கணக்கில் செய்தாலும் சரி. நான் வாசித்து முடித்ததும் உன் மடியைப் பார்த்தாய். நீலப் பனியன்கள், நீல நூல். "ஒரு மணி நேரமா? நான் எட்டு மணி நேரம் பண்றேன். அப்ப நான் வேலை செய்யறவனா?"

"சந்தேகமே இல்ல."

"கோகிலா" என்று கூப்பிட்டாய். "நான் சும்மா இல்லையாமா. புஸ்தகத்துல போட்டிருக்குது."

அந்தக் குரலை நான் மறக்கவில்லை. அதனால்தான் பிறகு நடந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. உன்னை அல்ல.

நம் தெரு கணக்கெடுப்பு மாதிரியில் தேர்வாகி வந்தபோது, பட்டியலில் உன் வீடும் இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கம்பெனி எழுதாததை நான் எழுதப்போகிறேன். அன்றைக்கென்று மேற்பார்வையாளரும் சோதனைக்காகக் கூடவே வந்தார். வெளியூர்க்காரர், கெட்டவர் இல்லை, வெயிலில் களைத்திருந்தார். அவர் கழுத்திலும் அட்டை.

அந்த அட்டைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. எதிர் வரிசையில் ஒரு அக்காவுக்கு, யாரோ வந்து விசாரித்துவிட்டுப் போன பிறகு உதவித்தொகை நின்றுபோனது என்று நம் தெருவில் ஒரு பேச்சு உண்டு. உண்மையோ பொய்யோ, அன்றிலிருந்து அட்டை தெரிந்தால் தெரு முழுக்க ஒரே அசைவுதான். வாசலில் உட்கார்ந்திருக்கும் பொம்பளைகள் பேச்சை நிறுத்தாமலே பனியன் கட்டைக் காலால் உள்ளே தள்ளுவார்கள். ஆண்கள் எழுந்து கட்டிலில் உட்காருவார்கள். பிறகு எல்லோரும் சும்மா இருப்பார்கள். இதற்கும் உதவித்தொகைக்கும் சம்பந்தமே இல்லை என்று எத்தனையோ வாசலில் சொல்லியிருக்கிறேன். "செரிங்க" என்பார்கள். கட்டு வெளியே வராது.

கதவைத் தட்டினேன். திறந்தாய். என்னைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தவன், பின்னால் நின்றவரைப் பார்த்தாய். உன் கால் பின்னால் போய் எதையோ தள்ளியது எனக்குத் தெரிந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால் போனது.

கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். என்ன வேலை செய்றீங்க?

"சும்மாதானுங்க இருக்கேன்" என்றாய்.

என்னிடம். 'ங்க' போட்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னை டா போட்டவன்.

கையேட்டில் ஒரு விதி இருக்கிறது. இல்லை என்று சொன்னால் விடக் கூடாது, துருவிக் கேட்க வேண்டும். ஒரு முறை கேட்டேன். "வீட்ல இருந்துக்கிட்டே பீஸ் வேலை ஏதாவது, பிசிறு வெட்டறது மாதிரி?"

"இல்லீங்க. கையப் பாத்தீங்கல்லங்க" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினாய். உன் லுங்கியில் முழங்காலுக்குக் கீழே பத்துப் பதினைந்து நீலப் பிசிறுகள் ஒட்டியிருந்தன. நான் பார்த்தேன். நான் பார்ப்பதை நீ பார்த்தாய்.

"பாவம். இயலாதவர்னு போட்டுருங்க" என்றார் மேற்பார்வையாளர் மெதுவாக.

அதற்கென்று ஒரு குறியீடு இருக்கிறது. உடல் இயலாமையால் வேலை செய்ய முடியாதவர். அழுத்தினேன். நீ படைக்கு வெளியே போனாய். ஒரு காகிதத்தில் உன் ஊனம் போதவில்லை. இன்னொன்றில் வேலையே செய்ய முடியாத அளவு ஊனம். இரண்டுக்கும் நடுவில் தினமும் எட்டு மணி நேரம் பிசிறு வெட்டுகிற ஒருவன் கட்டில் ஓரம் நின்றுகொண்டிருந்தான்.

மேற்பார்வையாளரைப் பஸ் ஏற்றிவிட்டு நேராக உன்னிடம் வந்து கத்தினேன். "உனக்குத் தெரியாதாடா? கேள்வி கேட்டுக் கேட்டு எனக்குப் புரிய வெச்சதே நீதான?"

"தெரியும். உன்னையும் தெரியும். பக்கத்துல நின்னவரத் தெரியாதே."

"அவருக்கும் உன் மனுவுக்கும் என்னடா சம்பந்தம்?"

"கழுத்துல அட்டை தொங்கறவுகளுக்குள்ள என்ன சம்பந்தம்னு நமக்கெங்க தெரியும்? மனு நெலுவைல கெடக்குது. இந்த நேரத்துல வேலை செய்யறேன்னு நானே வாயால சொல்லுவனா?"

"ஒரு காயிதம் கேட்டியே. இதாண்டா அது."

நீ யோசித்தாய். "இதுல என் பேரு வருமா?"

வராது என்றேன். பேரை எடுத்துவிட்டு எண்ணை மட்டும்தான் வைத்துக்கொள்வார்கள்.

"அப்பறம் என்னடா. இருக்குதுன்னு எழுதுனா, பாரு எல்லாருக்கும் வேலை இருக்குதுன்னு எவனாச்சும் மேடைல சொல்லுவான். இல்லைன்னு எழுதுனா நானே இல்ல. ரெண்டுல எதை வேணா அமுக்கிக்க." மறுபடி டிரிம்மரை எடுத்துக்கொண்டாய்.

சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் பதிவுகளை மேலே ஏற்ற வேண்டும். அதுவரை திருத்தலாம். லுங்கியில் ஒட்டியிருந்த பிசிறு எனக்குச் சாட்சி, அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் கோபத்தில் இருந்தேன். போகட்டும் என்று ஏற்றிவிட்டேன். நான் செய்த தவறு அதுதான். கம்பெனிக்காரன் உன்னைக் கணக்கில் விட்டது லாபத்துக்கு. நான் விட்டது வீம்புக்கு.

நாலு மாதம் கழித்து உனக்குக் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து வெட்டினாய். ஐந்தாம் நாள் காலையில் கோகிலா எழுப்பினாள், நீ எழவில்லை. இருபத்தொன்பது வயது.

இறப்பைப் பதிய நானும் அவளும் போனோம். படிவத்தை நிரப்பச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தாள். பேர், தகப்பன் பேர், வயது, இடம் எல்லாம் எழுதிக்கொண்டே வந்தேன். பிறகு அந்தக் கட்டம். இறந்தவரின் தொழில். தொழில் இல்லையெனில் 'இல்லை' என எழுதவும்.

பேனா நின்றது. கோகிலாவும் அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் பேர் உண்டு. இதை எடுத்துவிட மாட்டார்கள். "பனியன் தொழிலாளின்னு எழுதுங்ண்ணா" என்றாள். குரல் உடையவில்லை, நிமிர்ந்துதான் சொன்னாள்.

வெளியில் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "ஏனுங்க கண்ணு, அடுத்து விதவை உதவிக்கு எழுதிப் போடுவீங்கல்ல? தொழில்னு ஒண்ணு எழுதினா எந்தக் கம்பெனி, பி.எஃப். பணம் வந்துச்சான்னு கேப்பாங்க. கம்பெனிக் காயிதம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றாள்.

"அப்ப எதுக்கு வம்பு?"

நான் அவர்மேல் பாய்ந்தேன். கோகிலா என் முழங்கையைத் தொட்டாள். "இல்லைன்னே போட்டுருங்ண்ணா."

"கோகிலா, அவன் கேட்டது இது ஒண்ணுதான்."

"தெரியுங்ண்ணா. அவருக்கு இனி எந்தக் காயிதமும் வேண்டாம். எனக்கு வேணும்."

அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. எழுதினேன். இல்லை. டேப்லெட்டில் அழுத்திய அதே விரலால்தான் பேனாவைப் பிடித்திருந்தேன்.

அவள் உதவித்தொகை மனு இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. உன் டிரிம்மரை எனக்குக் கொடுத்தாள். "இதுல அவரு கைதான் ஒக்காருது, எனக்கு ஒக்கார மாட்டேங்குது" என்றாள். ஒப்பந்தம் முடிந்து டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. இரண்டு பட்டப் படிப்பை வைத்துக்கொண்டு வேலை தேடுகிறேன். அம்மா செக்கிங்குக்குப் போகிறாள், திரும்பும்போது கட்டு கொண்டுவருகிறாள். கதவைச் சாத்திக்கொண்டு வெட்டுகிறேன். நீ சாத்தி வைத்திருந்த கதவு மாதிரியே.

இன்று வந்த பெண் தண்ணீர் குடித்து முடித்தாள். டேப்லெட் திறந்தது. ஒரே அடுப்பில் எத்தனை பேர், அம்மாவின் வயது, என் படிப்பு எல்லாம் கேட்டுவிட்டு, அந்தக் கேள்விக்கு வந்தாள்.

"போன ஏழு நாள்ல ஏதாச்சும் வேலை செஞ்சீங்களா?"

சும்மாதானுங்க இருக்கேன் என்பது நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் தேடுகிறவன் என்றாவது எழுதுவாள், வேலையில்லாதவர்களில் ஒருவனாகவாவது இருப்பேன். அதுதான் என்னைப் பற்றிய உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. சொல்லவில்லை. குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து கட்டை இழுத்து அவள் முன்னால் போட்டேன்.

"பிசிறு வெட்டறனுங்க. எழுதிக்கோங்க."

அவள் முகம் தெளிந்தது. புதுசு, பாவம். "ஒரு மணி நேரம் செஞ்சிருந்தாலே வேலையில இருக்கறதாத்தானுங்க கணக்கு" என்று எனக்கு விளக்கினாள். தெரியுங்க என்றேன். அழுத்தினாள். இந்தக் காலாண்டில் வேலையின்மை என் அளவுக்குக் குறைந்தது. எவனாவது மேடையில் சொல்லிக்கொள்ளட்டும்.

"எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க?"

மூன்று மாதம். இரண்டு வருடம் வாசல் வாசலாகப் பொய்யைத் துருவித் துருவிப் பிடித்தவன் நான். என் பதிவுகளில் ஒரு பொய்கூட என்னுடையது இல்லை என்று பெருமை பேசியவன்.

"பதினாலு வருஷமுங்க" என்றேன். "பதினஞ்சு வயசுல இருந்து. மொதல்ல கட்டிங், இப்பப் பிசிறு."

அவள் நிமிர்ந்தாள். "டிகிரி முடிச்சிருக்கறதாச் சொன்னீங்களே?"

"வேலை பாத்துக்கிட்டே படிச்சனுங்க."

என்னையும் டிரிம்மரையும் அதிலிருந்த கறுத்த சிவப்புச் சுற்றையும் மாறிமாறிப் பார்த்தாள். துருவிக் கேட்டிருக்க வேண்டும், கையேடு அப்படித்தான் சொல்கிறது. அவளுக்கு இன்னும் எட்டு வீடு இருந்தது. பதினாலு என்று ஏற்றிக்கொண்டாள்.

அது உன் பதினாலு, டேபிளில் பன்னிரண்டும் பிசிறில் இரண்டும். என் பேரில் போயிருக்கிறது, அந்தப் பேரையும் எடுத்துவிடுவார்கள். ஏதோ ஒரு சராசரிக்குள் கரைந்து, தேடினாலும் கிடைக்காத இடத்துக்குப் போய்விடும். இதனால் யாருக்கும் ஒரு காசு பிரயோஜனம் இல்லை. உனக்கும் இல்லை, கோகிலாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. சரியாக இருந்த ஒரு கணக்கைக் கொஞ்சம் கெடுத்தேன், அவ்வளவுதான். உன்னை இரண்டு முறை இல்லை என்று எழுதியவனால் ஒரு முறை இருந்தான் என்று சொல்ல முடிந்தது, அதுவும் பொய் சொல்லித்தான்.

அவள் போன பிறகு கதவைச் சாத்தப் போனேன். சாத்தவில்லை. கட்டை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எதிர் வரிசை அக்கா பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, வேலையா?" என்றார்.

"ஆமாங்க்கா, வேலைதான்" என்றேன்.

பன்னிரண்டு மணிக்குப் பீஸ் எடுக்க வண்டி வரும். இன்னும் பாதிக் கட்டு கிடக்கிறது.